திருகோணமலைச் சாப்பாட்டுக்கடை: எத்தனை மணிக்குப் போவது?

திருகோணமலையில் ஒரு சாப்பாட்டுக்கடை நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது மணியை. காலை ஆறரைக்கு மெத்தென்ற இடியப்பம் தந்த கடை, ஒன்பதரைக்குத் தருவது ஓரம் காய்ந்து முறியும் இடியப்பம். பன்னிரண்டேகாலுக்கு மொறுமொறுவென்று மீன் பொரித்து வைத்த அதே கை, இரண்டு மணிக்கு எடுத்து வைப்பது செருப்புத் தோல். சமையற்காரர் அவர்தான், சாமானும் அதேதான். ஆகவே இங்கே கடைக்கு நட்சத்திரம் போடவில்லை, மணிக்குப் போட்டிருக்கிறது.

பேச்சு ஊர்ச்சனம் சாப்பிடும் கடைகளைப் பற்றியது. பஸ் நிலையத்தைச் சுற்றியும், உவர்மலைப் பக்கமும், அநுராதபுரச் சந்தியிலும், நிலாவெளிக்குப் போகும் வீதியிலும் இருக்கும் எட்டுப் பத்து மேசைக் கடைகள். வாசலில் ரோல்ஸும் வடையும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் கொத்துத் தட்டு, உள்ளே காசுமேசை. உப்புவெளிக் கடற்கரை உணவகங்கள் வேறு சாதி. அங்கே மெனு அட்டை வரும், பில்லின் அடியில் 10 வீதச் சேவைக் கட்டணமும் வரும். ஊர்க் கடையில் இரண்டும் வழக்கமில்லை. விலைப்பட்டியல் சுவரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்கார முதல் கேட்டுவிடுங்கள். விலையைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. முறைப்பாடு என்றால் பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு ஆறேகாலிலிருந்து ஏழரைக்குள் போய்விட வேண்டும். அரிசிமா இடியப்பத்துக்குக் கொதிநீர்தான் பிடிமானம். வெதுவெதுப்பான நீரில் குழைத்த மா உரலில் பிழியும்போதே அறுந்து அறுந்து விழும். சரியாகக் குழைத்து அவித்தாலும் ஆவி அடங்கி ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் ஓரம் விறைத்துவிடும். கோதுமைமா கலந்தது முறியாது, ஆனால் ஆறியதும் றப்பர்போல இழுபடும். கடைக்காரர் இடியப்பத்தை ஈரத்துணியால் மூடி வைத்திருக்கிறாரா என்பதைப் பாருங்கள். வெறும் கூடையில் குவித்துக் கிடந்தால் பிட்டுக் கேட்பது புத்தி. பிட்டு ஆறினாலும் சொதி ஊற்றிக் குழைத்தால் எழும்பிவிடும்.

சொதியையும் ஒரு கண் பார்க்க வேண்டும். கெட்டிப்பாலை விட்டபின் கொதிக்க விடாமல் இறக்கி, அதன் பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும். ஏழு மணிச் சொதி மஞ்சள் கலந்த பால் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். எட்டரைக்கு மேல் அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவார்கள். பால் திரிந்து, மேலே எண்ணெய்ப் பொட்டுகளும் கீழே தண்ணீருமாகப் பிரியும். உடம்புக்குத் தீங்கில்லை, ருசிதான் போய்விடும். சம்பல் அப்படியல்ல. தேங்காய்ப்பூவில் செய்த எதுவும் இந்த ஊர் வெக்கையில் அரைநாள் தாங்காது. விடிய இடித்த சம்பல் பதினொரு மணிக்குப் புளிக்கத் தொடங்கும். தேசிக்காய்ப் புளிப்பு அதை மறைத்துவிடும் என்பதால் நாக்கை நம்ப முடியாது. நிறம் மங்கி அடியில் தண்ணீர் கசிந்திருந்தால் தொடவேண்டாம். கட்டச்சம்பலில் தேங்காய் இல்லை, ஆகவே அது தாங்கும்.

பராட்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவுக் கொத்தின் தலையெழுத்தும் இதில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கு மறுபக்கம், சீனக்குடாவில் 1980 இலிருந்து பிரிமா மா ஆலை ஓடுகிறது. மாவுக்கு இந்த ஊர் தூரம் போகத் தேவையில்லை. ஆனால் மா பக்கத்தில் இருந்தால் பராட்டா மெதுவாகிவிடாது. 1 கிலோ கோதுமைமாவுக்கு 550 முதல் 600 மில்லிலீற்றர் தண்ணீர், 20 கிராமளவு உப்பு, கொஞ்சம் எண்ணெய். பிசைந்தபின் 90, 100 கிராம் உருண்டையாகப் பிடித்து, எண்ணெயில் தோய்த்துக் குறைந்தது 2 மணி நேரம் விடவேண்டும். இந்தக் கணக்கில் கிலோவுக்குப் பதினாறு பதினேழு வரும். ஊறாத மாவை எவ்வளவு வீசினாலும் திரும்பச் சுருங்கும். அதனால் நடுப்பகுதி தடித்து, வெளியே சிவந்து உள்ளே பச்சை மா வாசத்தோடு வரும். சந்தேகம் இருந்தால் பராட்டாவை நடுவில் பிய்த்துப் பாருங்கள். அடுக்கு அடுக்காகப் பிரியாமல் பாண் போல ஒரே கட்டியாக இருந்தால், அன்று காலை மா பிசைபவர் பிந்தி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சைவக்கடைத் தோசைக்கு ஒரு வரி போதும்: கல்லிலிருந்து நேரே வருவதென்றால் எந்த நேரமும் சாப்பிடலாம், அடுக்கி வைத்ததென்றால் எந்த நேரமும் வேண்டாம்.

தேத்தண்ணி எல்லாக் கடையிலும் இனிப்பாகத்தான் வரும். "சீனி குறைவா" என்றால் இங்கே ஒரு கரண்டிக்குப் பதில் முக்கால் கரண்டி. "சீனி வேறா" என்று சொல்வதுதான் வழி. இஞ்சி பிளேன்ரீ கேட்டால் இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்களா பாருங்கள். பால்தேத்தண்ணி பெரும்பாலும் பால்மாவில்தான், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. நன்றாக இழுத்து ஆற்றினால் கட்டி கரைந்து நுரை வரும். அவசரத்தில் கலக்கினால் அடியில் கட்டி கட்டியாக நிற்கும்.

இனி மத்தியானம். ஊர்க் கடையின் உண்மையான பரீட்சை சோறுதான். கறிச்சட்டிகள் பதினொன்றரைக்கு முன்னால் வந்து நிற்கும். கச்சேரிக்காரரும் வங்கிக்காரரும் பன்னிரண்டரைக்கு வருவார்கள், பள்ளிக்கூடம் விட்ட கூட்டம் அதற்குப் பின்னால். பன்னிரண்டேகால்தான் பொன்னான நேரம். எல்லாக் கறியும் இருக்கும், எதுவும் களைத்திருக்காது. ஒரு மணிக்குப் பிறகு ஒரே ஒரு விதி: பொரித்ததை விட்டுக் கறியைக் கேளுங்கள். பொரித்த மீன் ஆற ஆற உள்ளீரம் வெளியே வந்து மேலோடு தோலாகிவிடும். மீன்கறியோ நேரம் போகப்போகப் புளியும் உப்பும் உள்ளே இறங்கி நன்றாகும். பருப்புக்கறி இறுகிக்கொண்டே போகும். இறுகியதும் சுடுதண்ணீர் விட்டுக் கலக்குவது எல்லாக் கடையிலும் நடக்கும் காரியம். தண்ணீரோடு உப்பும் சேர்க்கிறார்களா என்பதில்தான் நல்ல கடைக்கும் மற்றதற்கும் வித்தியாசம். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் என்று தேங்காய்ப்பூ சேர்ந்த எதையும் ஒரு மணிக்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பப்படம் பற்றி முறைப்பாடு வேண்டாம். கடற்காற்று அதை இருபது நிமிடத்தில் நமுக்க வைக்கும், கடைக்காரர் என்ன செய்வார்?

காசுக்கணக்கு இப்படி. சோறும் மூன்று நான்கு மரக்கறியும் ஒரு அடிப்படை விலை. மீன், கோழி, முட்டை அதன்மேல் துண்டுக்கணக்கு. இருந்து சாப்பிடுபவர் சோறும் மரக்கறியும் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் காசில்லை. இரண்டாவது மீன்துண்டுக்குக் காசு உண்டு. பார்சலில் திரும்பக் கேட்கும் வசதி இல்லாததால் சோற்றை அமுக்கி வைப்பார்கள். அளவாகச் சாப்பிடும் இரண்டு பேருக்கு ஒரு பார்சலும் மேலதிகமாக ஒரு மீன்துண்டும் போதும். பார்சலில் வரும் பெரிய கோளாறு, குழம்பைச் சோற்றின் மேலேயே ஊற்றிக் கட்டுவது. அரை மணியில் சோறு களியாகிவிடும். "குழம்பு வேறா கட்டுங்க" என்று கட்ட முதல் சொல்ல வேண்டும், கட்டியபின் சொல்லிப் பயனில்லை.

மீன் கேட்கும்போது பெயரைக் கேளுங்கள், பிறகு துண்டைக் கேளுங்கள்.

"தம்பி, இண்டைக்கு என்ன மீன்?"

"பாரையும் சூரையும் இருக்கு அண்ணன்."

"பாரையில நடுத்துண்டு இருக்கா?"

இந்த இரண்டு கேள்வியிலும் பரிமாறுபவருக்கு ஆள் தெரிந்துவிடும். வால்துண்டு தானாக வேறு கோப்பைக்குப் போய்விடும். அறக்குளா இருக்கிறது என்றால் விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள், அது எப்போதும் மற்ற மீனைவிட ஒரு படி மேலே நிற்கும். கணவாய் கறியில் ஒரு நுட்பம் உண்டு. அது இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்து மெதுவாக இருக்கும், அல்லது முக்கால் மணி நேரம் அடுப்பில் கிடந்து திரும்ப மெதுவாகும். இடையில் இறக்கினால் றப்பர். மத்தியானச் சட்டியில் நீளமாக வெந்த கணவாயை நம்பிக் கேட்கலாம். இரவில் அவசரமாகப் பிரட்டித் தரும் கணவாய் சமையற்காரரின் கையையும் உங்கள் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

மார்ச் பிறந்து செப்ரெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி, கடைச் சட்டியில் மீன் புதிது. நவம்பரில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் வள்ளங்கள் பாதி நாள் கரையில் கிடக்கும். கொட்டியாரக் குடாவுக்குள் பிடிபடும் சின்ன மீனும் இறாலும் கிடைக்கும். பெரிய மீன் மற்றக் கரையிலிருந்து ஐஸில் வரும். ஐஸ் மீன் என்பதால் மட்டும் பிழையில்லை. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் இடையில் குளிர் விட்டுக் கிடந்தால்தான் வில்லங்கம். அவற்றின் தசையில் ஹிஸ்ரமீன் என்ற பொருள் உருவாகும். அது பொரித்தாலும் அவித்தாலும் அழியாது. மிளகு போடாத துண்டில் நாக்கு சுள்ளென்று குத்தினால், வாயோரம் விறைத்தால் அந்த வாயோடு நிறுத்திவிட வேண்டும். முகம் சிவந்து தலையிடித்து உடம்பு தடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. சனம் இதை "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறது. ஒத்துக்கொள்ளாதது மீனில்லை, அது வெயிலில் நின்ற நேரம். டிசம்பர், ஜனவரியில் விளைமீன் இருந்தால் அதைக் கேளுங்கள். அதுவும் இல்லாத நாளில் முட்டைக்கறியோடு எழும்புவதில் குறைவில்லை.

வெள்ளிக்கிழமைக்குத் தனிக் கணக்கு. ஜும்மாவுக்காக முஸ்லிம் கடைகள் பன்னிரண்டு மணியளவில் மூடி ஒன்றரையளவில்தான் திறக்கும். அதே நாளில் இந்துச் சனத்தில் பெரும்பகுதி மச்சம் தொடாது. இரண்டும் சேர்ந்து சைவக்கடை வாசலில் கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும், கோணேசர் கோவிலுக்கு வந்த வெளியூர் பஸ்களும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வெள்ளியன்று சைவக்கடைக்கு பதினொன்றே முக்காலுக்குப் போங்கள். ஒரு மணிக்குப் போனால் கிடைப்பது இரண்டாம் உலைச் சோறு. அவசரத்தில் வடித்ததால் நடுவில் அரிசி நிற்கும், ரசமும் தண்ணீராக நீண்டிருக்கும்.

கோப்பைமேல் பொலித்தீன் தாளை விரித்துச் சோறு போடும் பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. லஞ்ச்சீற் என்ற அந்தத் தாளுக்கு 2017 செப்ரெம்பர் 1 இலிருந்து தடை. "தாள் வேண்டாம், கோப்பையைச் சுடுதண்ணியில கழுவித் தாங்க" என்றால் முகம் சுளிக்காமல் தரும் கடைக்குத் திரும்பப் போகலாம். இந்த ஊருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. கோட்டையிலிருந்து இறங்கி வீதியில் திரியும் புள்ளிமான்கள் சாப்பாட்டு மணம் பிடித்த பொலித்தீனையும் மெல்லும்.

சாப்பிட்டு முடிய ஒரு தயிர். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத்தயிர் சட்டியோடு வரும். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதும் அந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம். சட்டியைச் சாய்த்தால் தயிர் அசையக்கூடாது. கடையில் கோப்பையில் போட்டுத் தரும் தயிரில் மேலே தண்ணீர் நின்றால், சட்டி உடைத்து நேரமாகிவிட்டது. பாணியை முகர்ந்து பாருங்கள். கித்துள் பாணியில் லேசான புகைவாசம் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் என்றால் சீனிப்பாகு.

பின்னேரம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் கண்ணாடிப் பெட்டி புதிதாக நிரம்பும். மேசைக்கு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றீஸ் வைத்து, தின்றதற்கு மட்டும் காசு வாங்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. நீங்கள் தொடாதது அடுத்த மேசைக்குப் போகும். உங்களுக்கு வந்ததும் அப்படி வந்ததுதான். இடுக்கியால் எடுத்து இரண்டே இரண்டு கேளுங்கள். ரோல்ஸின் மேல்தூள் கபிலமாக இல்லாமல் கறுத்திருந்தால் தாச்சி எண்ணெய் மாற்றி நாளாகிவிட்டது.

இரவு வந்தால் கொத்து. கிழக்கு மாகாணத்தில் பிறந்த சாப்பாடு என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். பிறப்பு எங்கே என்றாலும் கெடுவது ஒரே விதமாகத்தான். ஒரு ஆளுக்கு நல்ல கொத்தென்றால் பராட்டா இரண்டு அல்லது இரண்டரை, முட்டை ஒன்று, கோவா, லீக்ஸ், கரட் சேர்ந்து ஒரு பெரிய கைப்பிடி, எலும்பு நீக்கிய கோழி 80 முதல் 100 கிராம், கறிக்குழம்பு அரை அகப்பை. வரிசை முக்கியம். எண்ணெயில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும், பிறகு மரக்கறி, அதை ஓரம் தள்ளி முட்டை, முட்டை இறுகியபின் பராட்டா, அதன்மேல் இறைச்சி, கடைசியில் குழம்பு. முட்டை இறுக முதல் பராட்டாவைப் போட்டால் பச்சை முட்டையை அது குடித்துக் கூழாகும். குழம்பை முதலே ஊற்றினால் கொத்துவதற்கு ஒன்றுமிருக்காது, பிசைவதற்குத்தான் இருக்கும்.

பராட்டா ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கொத்தினால் ஆவி அடைபட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஐந்து மணிக்குச் சுட்டு ஏழுக்குக் கொத்துவது சரியான இடைவெளி. நேற்றையது என்றால் கொத்திய பிறகும் பழைய எண்ணெய் வாசம் போகாது. அதை மறைக்கத்தான் குழம்பை அள்ளி ஊற்றுவார்கள். அரை அகப்பைக்கு மேல் குழம்பு விழுவதைக் கண்டால் காரணத்தை ஊகிக்கலாம். தட்டு வாசலிலேயே இருப்பதால் இதெல்லாம் கண்முன்னே நடக்கும், காசு கொடுக்காத காட்சி.

எட்டு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஓடர் குவியும்போது மூன்று நான்கு கொத்தை ஒன்றாகப் போட்டுக் கொத்திப் பிரிப்பார்கள். இரும்புத்தட்டு எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவு குளிர்ந்த பராட்டாவும் ஈர மரக்கறியும் விழுந்ததும் சூடு இறங்கிவிடும். பொரிய வேண்டியது அவியும். உப்பும் ஒரு கோப்பைக்குக் கூடி ஒரு கோப்பைக்குக் குறையும். ஆறேமுக்காலிலிருந்து ஏழரைக்குள் போனால் உங்கள் கொத்துத் தனியாக விழும். "நானா, தனியாப் போடுங்க, நிண்டு வாங்குறன்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சத்தத்தை வைத்தும் கணிக்கலாம். காய்ந்த கொத்தில் தகடு தட்டில் கணீரென்று விழும், ஈரக் கொத்தில் சதக் சதக்கென்று அமுங்கும். சுவையூட்டித் தூள் வேண்டாதவர்கள் ஓடர் சொல்லும்போதே சொல்ல வேண்டும், அது மரக்கறியோடேயே விழுந்துவிடும்.

பிரைட்ரைஸில் கவனம் தேவை. அதற்கு நீள அரிசிதான் வழக்கம். கோப்பையில் வந்தது மத்தியானத்துச் சம்பாவோ நாட்டரிசியோ என்றால், விற்காமல் நின்ற சோறு திரும்ப வந்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு இரவு எட்டு மணிவரை வெளியில் நின்றால், உலைச்சூட்டில் சாகாத கிருமிவித்துகள் அதில் முளைத்து நஞ்சைவிடும். அந்த நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டுக் கோழியைக் குறைசொல்பவர்கள்தான் அதிகம். குளிரூட்டியில் வைத்த சோறு உதிரியாக இருக்கும், கையில் பிசுபிசுக்காது.

ஒன்பதரைக்குப் பிறகு போனால் கொத்தும் வேண்டாம், பிரைட்ரைஸும் வேண்டாம். மரக்கறி வாடி, கோழியில் எலும்பும் கழுத்தும் மட்டும் நிற்கும் நேரம் அது. முட்டை ரொட்டி கேளுங்கள். மிஞ்சிய உருண்டை நாலைந்து மணி நேரம் எண்ணெயில் ஊறியிருப்பதால் கண்ணாடிபோல மெல்லிசாக வீசலாம். முட்டையை உங்கள் கண்முன்னே உடைத்து ஊற்றி, நான்கு பக்கமும் மடித்துத் தருவார்கள். பழையது என்று அதில் எதுவும் இருக்க வழியில்லை. பழைய கறியைத் தொட்டுக்கொள்ளத் தந்தால் தள்ளி வைத்துவிட்டுக் கட்டச்சம்பலைக் கேளுங்கள்.